பெரிய ஃபைல், இலவச லிங்க்: எத்தனை ஜிபி என்று மட்டும் பார்த்தால் போதுமா?

‘சார், லிங்க் ஓபன் ஆகலை. மறுபடி அனுப்ப முடியுமா?’ அலுவலக வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வந்து விழும் வரி இது. அனுப்பியவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பியிருப்பார். பெறுபவர் செவ்வாய்க்கிழமைதான் திறந்து பார்த்திருப்பார். இடையில் அந்த இலவச இணையதளம் ஃபைலை அழித்துவிட்டிருக்கும். யார் மேல் தப்பு என்று சின்னதாக ஒரு பஞ்சாயத்து நடக்கும். பிறகு அதே வீடியோ இன்னொரு முறை மெதுவாக அப்லோட் ஆகும்.

பெரிய ஃபைல்களை அனுப்ப எந்த இலவச சேவை நல்லது என்று தேடிப் பாருங்கள். வருகிற பட்டியல்கள் பெரும்பாலும் ஜிபி கணக்கை வைத்தே வரிசை போடுகின்றன. இதில் 3, அதில் 10, இன்னொன்றில் 50. சாப்பாட்டு ஹாலில் எத்தனை இலை போடலாம் என்பதை மட்டும் கேட்டுவிட்டு கல்யாண மண்டபத்தை புக் செய்கிற மாதிரிதான் இது. அளவு முக்கியம், சந்தேகமில்லை. ஆனால் அனுப்பிய ஃபைல் அப்புறம் யார் கம்ப்யூட்டரில் கிடக்கிறது, யாரெல்லாம் அதைத் திறக்க முடியும், எப்போது அழிகிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் ஜிபியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், பிரச்சினை வருவது பெரும்பாலும் நமக்கு அல்ல. அந்த ஃபைலுக்குள் யாருடைய பெயரும் படமும் இருக்கிறதோ அவருக்கு.

மெயிலில் ஏன் போக மாட்டேன் என்கிறது?

ஜிமெயிலில் ஒரு மெயிலோடு 25 எம்பி வரைதான் இணைக்கலாம். அதற்கு மேல் போனால் அதுவே டிரைவ் லிங்க்காக மாற்றிவிடும். இந்த 25-ம் எல்லா இடத்திலும் முழுசாகக் கிடைக்காது. மின்னஞ்சல் என்பது எழுத்துகளை அனுப்புவதற்காகப் பிறந்த ஏற்பாடு. படம், வீடியோ, பிடிஎஃப் எதுவானாலும் எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்பியாக வேண்டும். மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாக மாறும். அதாவது வழியில் ஃபைல் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். அதனால்தான் இந்தப் பக்கம் ஒழுங்காகக் கிளம்பிய 20 எம்பி ஃபைல், அந்தப் பக்கத்து நிறுவனத்தின் சர்வரில் ‘அளவு மீறிவிட்டது’ என்று திரும்பி வருவதுண்டு. மெயிலைத் திட்டிப் பயனில்லை. அது அந்த வேலைக்கானது அல்ல.

கையில் இருப்பதை முதலில் பார்ப்போம்

புதிதாக ஒரு இணையதளத்தைத் தேடுவதற்கு முன்னால், போனில் ஏற்கெனவே இருக்கிற வாட்ஸ்அப்பைப் பாருங்கள். 100 எம்பியாக இருந்த அதன் வரம்பு 2022-இல் 2 ஜிபி ஆனது. படமாகவோ வீடியோவாகவோ அனுப்பினால் அது சுருக்கிவிடும். மாமா அனுப்பிய கல்யாண போட்டோ பிரின்ட் போடும்போது மங்கலாக வருவது இதனால்தான். அதே படத்தை ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் இணைத்தால் சுருக்காமல் அப்படியே போகும். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர நடுவில் யாரும், வாட்ஸ்அப் நிறுவனமே கூட, உள்ளே பார்க்க முடியாதபடி அது பூட்டி அனுப்பப்படுகிறது. 2 ஜிபிக்குள் அடங்குகிற, ஓரிருவருக்கு மட்டும் போக வேண்டிய ஃபைல் என்றால் பெரும்பாலானோருக்கு இதுவே போதும். இதைச் சொல்ல ஒரு கட்டுரை தேவையா என்று கேட்கலாம். ஆனால் டாக்குமென்ட் வழி தெரியாமல் ஏதோ ஒரு விளம்பரத் தளத்தில் குடும்பப் படங்களை ஏற்றுகிறவர்கள் நிறைய பேர்.

ஒரு நுணுக்கம் உண்டு. போனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த நேரம், போன் மாடல், சில சமயம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரம் எல்லாம் ஒளிந்திருக்கும். படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதையெல்லாம் உதிர்த்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே சேர்ந்து போகும். பழைய பைக்கை விற்க முன்பின் தெரியாத ஒருவருக்கு வீட்டு வாசலில் எடுத்த படத்தை அனுப்பும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

டெலிகிராமிலும் ஒரு ஃபைல் 2 ஜிபி வரை போகும். பணம் கட்டுபவர்களுக்கு 4 ஜிபி. ஆனால் ‘டெலிகிராம்னா செம சீக்ரெட்’ என்று ஒரு பேச்சு உலவுகிறதே, அது பாதிதான் உண்மை. அதன் சாதாரண சாட்கள் வாட்ஸ்அப் போல இரு முனைகளுக்கு இடையில் பூட்டப்பட்டவை அல்ல. ‘சீக்ரெட் சாட்’ என்று தனியாகத் தொடங்கினால்தான் அந்தப் பூட்டு. மற்றபடி நீங்கள் அனுப்பியது நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. வசதி அதனால்தான், பலவீனமும் அதனால்தான்.

ஓசியில் கிடைப்பதன் விதியை யார் எழுதுகிறார்கள்?

2 ஜிபியைத் தாண்டினால்தான் தனிச் சேவைகள் தேவைப்படும். இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் வீடிரான்ஸ்ஃபர். 2009-இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. கணக்குத் தொடங்காமலேயே 2 ஜிபி வரை ஏற்றி, லிங்க்கை அனுப்பிவிட முடிந்தது. டிசைனர்கள், விளம்பர நிறுவனங்கள், எடிட்டிங் ஸ்டூடியோக்கள் என்று பலரும் அதையே நம்பி வேலை செய்தார்கள். பிறகு அதற்கு நடந்ததைப் பார்த்தால் இலவச சேவை என்பதன் குணம் விளங்கிவிடும்.

2020 மே மாதம், ஊரடங்கில் பாதி நாடு வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை வீடிரான்ஸ்ஃபரை முடக்கச் சொல்லி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. தேச நலன், பொது நலன் என்று காரணம் சொல்லப்பட்டது. அதற்கு மேல் விவரம் பொதுவெளிக்கு வரவில்லை. அன்றைக்கு கிளையன்டுக்கு அனுப்பிய லிங்க் மறுநாள் சில நெட்வொர்க்குகளில் திறந்தது, சிலவற்றில் திறக்கவில்லை. 2024-இல் இத்தாலியைச் சேர்ந்த பெண்டிங் ஸ்பூன்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. அந்த ஆண்டின் இறுதியில் இலவசத் திட்டம் மாறியது. 30 நாளுக்குள் மொத்தம் 10 முறை, மொத்தம் 3 ஜிபி, அவ்வளவுதான். ஒரு வாரமாக இருந்த டவுன்லோட் அவகாசமும் பிறகு சுருங்கியது. 2025 ஜூலையில் அதன் விதிமுறைகளில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. ஏற்றப்படும் ஃபைல்களை இயந்திரக் கற்றலை மேம்படுத்தப் பயன்படுத்தலாம் என்று பொருள்படும் வரி. ஓவியர்களும் எழுத்தாளர்களும் கொதித்தார்கள். எங்கள் ஏஐக்குப் பயிற்சி கொடுக்க உங்கள் ஃபைலைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் விளக்கம் சொல்லி அந்த வரியை நீக்கியது.

இது ஒரு நிறுவனத்தின் மேல் உள்ள குறை அல்ல. உரிமையாளர் மாறுவதும், அரசு தடுப்பதும், விதிமுறை மாறுவதும் எந்த சேவைக்கும் நடக்கலாம். நீங்கள் காசு கொடுக்காத இடத்தில் அதைக் கேட்கும் உரிமை உங்களுக்குக் கொஞ்சம்தான். பெயர் பெற்ற நிறுவனம் என்பதும் உத்தரவாதம் ஆகாது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை உருவாக்கிய மொஸில்லா, 2019 மார்ச்சில் ‘ஃபயர்ஃபாக்ஸ் சென்ட்’ என்ற சேவையைத் தொடங்கியது. நல்ல பூட்டு, விளம்பரம் கிடையாது, 2.5 ஜிபி வரை இடம். இதைவிட ஒழுங்கான இலவச சேவையைச் சொல்வது கஷ்டம். ஆனால் தீங்கு செய்யும் மென்பொருள்களைப் பரப்புகிறவர்களுக்கும் அந்தப் பூட்டு பிடித்துப்போனது. 2020 ஜூலையில் அதை நிறுத்திவைத்த மொஸில்லா, செப்டம்பரில் மொத்தமாக மூடியது.

இன்னும் பழைய கதை ஒன்று. 2012 ஜனவரியில் அமெரிக்க அரசு, காப்புரிமை மீறல் வழக்கில் மெகாஅப்லோட் தளத்தைக் கைப்பற்றி முடக்கியது. திருட்டுப் படங்களோடு சேர்த்து, நேர்மையாகப் பயன்படுத்தியவர்களின் ஃபைல்களும் உள்ளே மாட்டிக்கொண்டன. ஒஹையோ மாகாணத்தில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளை வீடியோ எடுத்துப் பிழைத்துவந்த ஒருவர், தன் வீடியோக்களைத் திருப்பித் தரச் சொல்லி நீதிமன்றப் படியேறி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். அவருடைய சொந்த ஹார்டு டிஸ்க்கும் அதே சமயத்தில் பழுதாகியிருந்தது.

இலவசப் பகிர்வு சேவை ஒரு பார்சல் ஆபீஸ். சரக்கை அங்கே கொடுத்துவிட்டு, மறுமுனையில் எடுத்துக்கொண்டார்களா என்று போன் போட்டுக் கேட்க வேண்டும். அதையே பீரோவாக நினைத்து ஒரிஜினலை போனிலிருந்து அழித்துவிட்டால், பிறகு யாரிடமும் முறையிட முடியாது.

பூட்டு இருக்கிறது, சாவி யாரிடம்?

எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘உங்கள் ஃபைல் பாதுகாப்பாகப் பூட்டப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி இருக்கும். பொய் இல்லை. ஆனால் எந்தப் பூட்டு என்று பார்க்க வேண்டும். பல சேவைகளில் ஃபைல் போகும் வழியிலும், சர்வரில் கிடக்கும்போதும் பூட்டப்பட்டிருக்கும், சாவி மட்டும் அந்த நிறுவனத்திடமே இருக்கும். அவர்கள் நினைத்தாலோ, அவர்கள் சிஸ்டத்துக்குள் யாராவது புகுந்தாலோ, நீதிமன்றம் கேட்டாலோ திறக்கலாம். இரண்டாவது வகையில் ஃபைல் உங்கள் பிரவுசரிலேயே பூட்டப்பட்டுத்தான் கிளம்பும். சாவி லிங்க்கின் கடைசியில், # என்ற குறிக்குப் பின்னால் நீளமான எழுத்துக் குவியலாக ஒட்டியிருக்கும். # குறிக்குப் பின்னால் இருப்பதை பிரவுசர்கள் சர்வருக்கு அனுப்புவதில்லை என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். சேவை நடத்துபவரிடம் பெட்டி இருக்கும், சாவி இருக்காது.

2013-இல் நியூசிலாந்தில் தொடங்கிய மெகா இந்த இரண்டாவது வகை. 20 ஜிபி இலவச இடம் தருகிறது. கணக்கு இல்லாமல் டவுன்லோட் செய்பவருக்கு ஒரு வரம்பு உண்டு. பெரிய ஃபைல் என்றால் பாதியில் ‘கோட்டா முடிந்தது, காத்திருக்கவும்’ என்று நிறுத்திவிடும். 2022-இல் சூரிக்கில் உள்ள இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெகாவின் பூட்டில் ஓட்டைகள் இருப்பதைக் காட்டினார்கள், நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. வெளியாட்கள் சோதித்துப் பார்த்த பூட்டு என்பதை நான் குறையாக எண்ண மாட்டேன். யாருமே சோதிக்காத பூட்டைத்தான் நம்ப முடியாது. வோர்ம்ஹோல் என்று இன்னொன்று. 10 ஜிபி வரை, 24 மணி நேரத்தில் லிங்க் காலாவதி, கணக்குத் தேவையில்லை. 5 ஜிபிக்கு மேல் என்றால் ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து நேராக அவர் கம்ப்யூட்டருக்குப் போகும் என்பதால், முடியும்வரை டேபை மூடக்கூடாது.

லிங்க்கிலேயே சாவி இருப்பதால் வருகிற தொல்லையையும் சொல்லியாக வேண்டும். லிங்க் யார் கையில் கிடைக்கிறதோ அவர் ஃபைலைத் திறக்கலாம். 40 பேர் உள்ள குழுவில் அதை ஒட்டினால், பூட்டைப் போட்டுவிட்டு சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதைதான்.

அளவுதான் பிரச்சினை, ரகசியம் ஒன்றுமில்லை என்றால் சுவிஸ்டிரான்ஸ்ஃபர் நல்ல தேர்வு. ஜெனீவாவில் உள்ள இன்ஃபோமேனியாக் என்ற நிறுவனம் நடத்துகிறது. கணக்கு இல்லாமல் 50 ஜிபி வரை, 30 நாள் வரை வைத்திருக்கலாம். எத்தனை முறை டவுன்லோட் ஆகலாம் என்று வரம்பு போடலாம், பாஸ்வேர்டும் வைக்கலாம். கல்யாண ஆல்பம், குறும்பட ஃபுட்டேஜ் போன்றவற்றுக்கு இந்த ஒரு மாத அவகாசம் பெரிய ஆறுதல்.

எந்தச் சேவையானாலும் பூட்டை நீங்களே போட்டுவிட்டால் அவர்கள் பூட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கம்ப்யூட்டரில் 7-ஜிப் என்ற இலவச மென்பொருளில் பாஸ்வேர்டு வைத்து ஃபைலைச் சுருட்டி அனுப்பலாம். விண்டோஸில் உள்ளேயே இருக்கும் ஜிப் வசதியில் பாஸ்வேர்டு போட வழியில்லை. லிங்க்கை மெயிலில் அனுப்பினால் பாஸ்வேர்டை போனில் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மெசேஜில் அனுப்புவதற்கு, பூட்டாமலேயே அனுப்பிவிடலாம்.

கூகுள் டிரைவின் 15 ஜிபி கண்ணி

‘எதுக்கு இதெல்லாம், டிரைவ்ல போட்டு லிங்க் குடுத்துடலாமே’ என்பதுதான் பலரின் வழி. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவருக்கு அது இயல்புதான். ஆனால் டிரைவ் பார்சல் ஆபீஸ் அல்ல, உங்கள் பீரோ. அந்த 15 ஜிபி இடத்தை டிரைவ், கூகுள் போட்டோஸ், ஜிமெயில் மூன்றும் பங்குபோட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் முதல் போட்டோஸில் சேரும் படங்களும் இந்தக் கணக்கில்தான் ஏறுகின்றன. நண்பருக்காக ஏற்றிய 6 ஜிபி வீடியோவை மறந்துவிட்டால் அது தானாக அழியாது. இடம் நிரம்பினால் உங்கள் ஜிமெயிலுக்குப் புது மெயில் வருவது நின்றுவிடும். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு இன்டர்வியூ மெயிலுக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு இதைவிட மோசமான இடத்தில் அடி விழாது.

பகிரும்போது இரண்டு வாய்ப்புகள் தெரியும். குறிப்பிட்ட மெயில் முகவரிகளுக்கு மட்டும் அனுமதி, அல்லது லிங்க் உள்ள எவருக்கும் அனுமதி. முதலாவதைத் தேர்ந்தெடுத்து முகவரியைச் சேர்க்க மறந்தால், ராத்திரி 11 மணிக்கு ‘அனுமதி கேட்கிறார்’ என்று மெயில் வரும். அந்த எரிச்சலிலேயே பலர் இரண்டாவதுக்கு மாறிவிட்டு, பிறகு அதைத் திரும்ப மூடுவதே இல்லை. வருஷம் மூன்று ஆனாலும் அந்த லிங்க் உயிரோடு இருக்கும். இந்த வார இறுதியில் பத்து நிமிடம் ஒதுக்கி, உங்கள் டிரைவில் எதையெல்லாம் பகிர்ந்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். முந்தைய கம்பெனியின் ஃபோல்டர் ஒன்றாவது அதில் இருந்தால் ஆச்சரியமில்லை.

இன்னும் சில சில்லறைத் தொல்லைகள். ஃபோல்டராக டவுன்லோட் செய்தால் டிரைவ் அதைப் பல ஜிப் துண்டுகளாக்கித் தரும். ஒன்று விடுபட்டாலும் கல்யாண ஆல்பத்தில் மாலை மாற்றும் பகுதியே காணாமல் போகும். 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை வைரஸ் இருக்கிறதா என்று அது சோதிப்பதில்லை, எச்சரிக்கை மட்டும் காட்டும். ஒரே ஃபைலைக் கல்லூரி முழுக்க டவுன்லோட் செய்ய ஆரம்பித்தால், அளவு மீறிவிட்டது என்று கொஞ்ச நேரத்துக்கு மூடிவிடும்.

அடுத்தவர் ஆவணம் உங்கள் கையில்

சொந்தப் பயண வீடியோ கசிந்தால் ஒரு நாள் வருத்தம். ஆனால் நாம் அனுப்பும் பெரிய ஃபைல்களில் பல நம்முடையவையே அல்ல. கணக்குத் தணிக்கையாளர் ஒருவர் பத்து வாடிக்கையாளர்களின் வங்கி ஸ்டேட்மென்ட்டை ஒரே ஜிப்பாக அனுப்புகிறார். வேலையில் சேரும் பையனிடம் ஆதார், பான், பழைய சம்பள ஸ்லிப், சான்றிதழ் எல்லாவற்றையும் ‘ஏதாவது லிங்க்ல போட்டு அனுப்புப்பா’ என்று ஹெச்ஆர் கேட்கிறார். அப்பாவின் சிடி ஸ்கேனை வேறொரு டாக்டரிடம் காட்ட, மகள் அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு தளத்தில் ஏற்றுகிறார். ஸ்கேன் மையம் தரும் டைகாம் ஃபைல்களுக்குள் படம் மட்டுமல்ல, நோயாளியின் பெயர், வயது, ஸ்கேன் எடுத்த தேதி எல்லாம் எழுதப்பட்டிருக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

இங்கே பொறுப்பை அனுப்புகிறவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. கேட்கிறவர்தான் பாதுகாப்பான வாசலைத் திறந்துவைக்க வேண்டும். ஐந்நூறு பேர் வேலை பார்க்கும் நிறுவனம், புதிதாகச் சேர்பவரின் ஆதாரை இலவச லிங்க்கில் வாங்குவது சிக்கனம் அல்ல, அலட்சியம். சொந்தமாகத் தளம் கட்ட வேண்டும் என்றுகூட இல்லை. டிராப்பாக்ஸில் ‘ஃபைல் ரிக்வெஸ்ட்’ என்று ஒரு வசதி இருக்கிறது. அந்த லிங்க்கில் ஆளாளுக்குத் தங்கள் ஃபைலைப் போடலாம், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்க முடியாது. இலவசக் கணக்கில் 2 ஜிபிதான் இடம் என்றாலும் ஆவணங்களுக்கு அது தாராளம்.

2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வீட்டுத் தேவைக்காகத் தனிநபர் கையாளும் தகவலைத் தொடுவதில்லை. ஆனால் தொழிலுக்காக அடுத்தவர் தகவலை வாங்கி வைப்பவர் அதற்குத் தகுந்த பாதுகாப்பு செய்யாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. அதன் பிரிவுகள் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை ‘எல்லோரும் இப்படித்தானே அனுப்புறாங்க’ என்று சொல்லிக்கொண்டிருக்க நிறுவனங்களுக்கு உரிமை இல்லை என்பதே நம் கருத்து. வேலை தேடும் இளைஞரால் ‘இந்த லிங்க்கில் போட மாட்டேன்’ என்று சொல்ல முடியாது. சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர்கள்தான் மாற வேண்டும்.

கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்றிரண்டு வழிகள். முழு எண் தேவையில்லாத இடத்தில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரை டவுன்லோட் செய்து கொடுக்கலாம். இ-ஆதார் பிடிஎஃப்பில்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பாஸ்வேர்டு என்பது ஊருக்கே தெரியும். உங்கள் பயோடேட்டாவும் கூடவே போகிறதென்றால் அதைப் பூட்டு என்றே சொல்ல முடியாது.

அலுவலக ஃபைல் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. கிளையன்டின் வரைபடத்தையோ, வெளிவராத விளம்பரப் படத்தையோ உங்கள் சொந்த இலவசக் கணக்கில் ஏற்றுவது, வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறுவதாக ஆகலாம். அவசரத்துக்குச் செய்தேன் என்பது பிறகு எடுபடாது. கம்பெனியின் ஒன்டிரைவோ வேறெதுவோ எவ்வளவு மெதுவாக இருந்தாலும் அதையே பயன்படுத்துங்கள். மெதுவாக இருக்கிறது என்று எழுத்தில் புகாரும் கொடுங்கள்.

வருகிற லிங்க்கைப் பற்றி இரண்டு வார்த்தை. விளம்பரத்தில் ஓடும் தளங்களில் ‘டவுன்லோட்’ பட்டன் நான்கு இருக்கும், மூன்று போலி. டவுன்லோட் ஆன ஃபைலின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். படம் என்று சொல்லி வந்தது ஏபிகே என்று முடிந்தால் அது படம் அல்ல, உங்கள் போனில் உட்காரப் பார்க்கும் ஆப். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் இப்படி வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல்களைப் பற்றிக் காவல் துறையினர் எச்சரித்திருக்கிறார்கள்.

நேரத்தையும் டேட்டாவையும் கணக்கிடுங்கள்

50 ஜிபி அனுப்பலாம் என்பது சரி. அதை அப்லோட் செய்ய எவ்வளவு நேரமாகும்? இணைய வேகம் மெகா ‘பிட்’டில் சொல்லப்படுகிறது, ஃபைல் அளவு ‘பைட்’டில். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். 5 ஜிபி என்பது சுமார் 40,000 மெகாபிட். அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 50 எம்பிபிஎஸ் ஃபைபர் என்றால் பதின்மூன்று, பதினான்கு நிமிடம். மொபைல் டேட்டாவில் அப்லோட் வேகம் டவுன்லோடைவிடப் பெரும்பாலும் குறைவு. தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி என்று ரீசார்ஜ் செய்பவர்களுக்கு அப்லோடும் அதே கணக்கில்தான் கழியும். 3 ஜிபி வீடியோ அன்றைய டேட்டாவை முழுங்கிவிட்டுப் பாதியில் நிற்கும். போன் பிரவுசரில் ஏற்றும்போது திரை அணைந்தாலோ வேறு ஆப்புக்குப் போனாலோ சில தளங்களில் அப்லோட் அறுந்துவிடுகிறது. முடிந்தவரை கம்ப்யூட்டரில், வைஃபையில் செய்வதே நல்லது. முடிந்ததும் அந்த லிங்க்கை இன்காக்னிட்டோ விண்டோவில் ஒருமுறை திறந்து பாருங்கள். உங்களுக்கே திறக்கவில்லை என்றால் அவருக்கும் திறக்காது.

பக்கத்து மேஜைக்கு அனுப்ப இன்டர்நெட் எதற்கு?

ஒரே அறையில் இருக்கும் இரண்டு பேர், ஜெனீவா வழியாக ஃபைலை அனுப்பிக்கொள்வதில் அர்த்தமில்லை. முன்பு இதற்கு எல்லோரும் ஷேர்இட், ஸென்டர் ஆப்களைத்தான் வைத்திருந்தார்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்குடன் சேர்த்து மத்திய அரசு தடை செய்த 59 சீன ஆப்களில் அந்த இரண்டும் இருந்தன. இப்போது ஆண்ட்ராய்டு போன்களிலேயே ‘குவிக் ஷேர்’ இருக்கிறது. ஐபோன்களுக்கு ஏர்டிராப். ஒருவரிடம் ஐபோன், இன்னொருவரிடம் விண்டோஸ் லேப்டாப் என்று கலந்திருந்தால் ‘லோக்கல்சென்ட்’ என்ற இலவச ஆப் கைகொடுக்கும். இருவரும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். டேட்டா செலவாகாது, ஃபைல் வெளியே எந்த சர்வருக்கும் போகாது, அளவு பற்றிய கவலையும் இல்லை. அலுவலகத்தில், கல்லூரியில், குடும்ப விழாவில் இதுவே என் முதல் சிபாரிசு.

பென் டிரைவும் இன்னும் செத்துவிடவில்லை. 200 ஜிபி ஃபுட்டேஜை மாம்பலத்திலிருந்து வடபழனிக்கு அனுப்ப வேண்டும் என்றால், ஹார்டு டிஸ்க்கோடு ஒரு பைக் போவதுதான் வேகம். 64 ஜிபி பென் டிரைவில் இடம் காலியாக இருந்தும் 5 ஜிபி வீடியோவை ஏற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தால், டிரைவ் கெட்டுப்போகவில்லை. அது ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அந்த முறையில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறெங்காவது காப்பி எடுத்துவைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் அதே வீடியோ ஏறிவிடும்.